கல்லீரல் அறுவைக்குப் பின் பித்தக் கசிவு: வயிற்றை மீண்டும் திறக்காமல் சரிசெய்யும் முறைகள்

கல்லீரலின் ஒரு பகுதியை வெட்டி எடுத்த இரண்டு மூன்று நாளில் டிரெய்ன் (வயிற்றுக்குள் சேரும் நீரை வெளியே வடிக்கும் குழாய்) பையில் இறங்கும் நீர் வெளிர் சிவப்பிலிருந்து தேன் நிறத்துக்கு வந்து, பிறகு மெல்லக் குறைய வேண்டும். அப்படி இல்லாமல் மஞ்சள் கலந்த பழுப்பாகவோ கரும்பச்சையாகவோ மாறினால் பித்தம் கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். கல்லீரல் அறுவை செய்துகொண்ட நூறு பேரில் ஏறக்குறைய ஐந்து முதல் பத்துப் பேருக்கு இது வருகிறது. இவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு மறு அறுவை தேவைப்படாது. தோல் வழியாக ஒரு குழாய், வாய் வழியாக ஒரு எண்டோஸ்கோப்பி, கொஞ்சம் பொறுமை ஆகிய மூன்றும் போதும். எதை எப்போது செய்ய வேண்டும் என்பதில்தான் தடுமாற்றம் வருகிறது. இந்த வழிகாட்டி முக்கியமாக அறுவை வார்டு மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்குமானது. கடைசிப் பகுதி வீட்டில் குழாயைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் உதவும்.

கசிவு என்று எப்போது சொல்லலாம்

கல்லீரல் அறுவைக்கான சர்வதேச ஆய்வுக் குழு 2011இல் வெளியிட்ட வரையறையையே இன்று எல்லோரும் பின்பற்றுகிறார்கள். அறுவை முடிந்த மூன்றாம் நாளிலோ அதற்குப் பிறகோ, டிரெய்ன் நீரிலுள்ள பிலிரூபின் (பித்தத்துக்கு மஞ்சள் நிறம் தரும் பொருள்) அளவு ரத்தத்தில் இருப்பதைப் போல மூன்று மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் அது பித்தக் கசிவு. உதாரணமாக, ரத்தத்தில் 1.4, டிரெய்னில் 11.2 என்றால் எட்டு மடங்கு, சந்தேகமே வேண்டாம். டிரெய்ன் இல்லாத நோயாளிக்கு வயிற்றில் பித்தம் தேங்கி, அதை வடிக்க நேர்ந்தாலும் அது கசிவுக் கணக்கில்தான் சேரும்.

சோதனைக்கான நீரைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். பையில் பல மணி நேரம் வெளிச்சத்தில் கிடந்த நீரில் பிலிரூபின் சிதைந்து அளவு குறைவாகக் காட்டும். பையைக் கழற்றி, குழாயிலிருந்து புதிதாக வரும் நீரை 5 மி.லி. பிடித்து, அதே நேரத்தில் எடுத்த ரத்தத்துடன் சேர்த்து அனுப்புங்கள்.

அதே குழு கசிவை மூன்று நிலைகளாகப் பிரிக்கிறது. சிகிச்சையில் எந்த மாற்றமும் தேவைப்படாமல் தானாக அடங்குவது ஏ. புதிய டிரெய்ன், எண்டோஸ்கோப்பி போன்றவை தேவைப்பட்டாலோ, ஏ நிலை ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ பி. வயிற்றை மீண்டும் திறக்க நேர்ந்தால் சி. இங்கே பேசப்போவது பெரும்பாலும் பி நிலையைப் பற்றி.

ஏ நிலையில் அவசரப்பட வேண்டாம். காய்ச்சல் இல்லை, வயிறு மென்மையாக இருக்கிறது, நாளுக்கு 100 மி.லி.க்குக் கீழே வருகிறது, அதுவும் நாளுக்கு நாள் குறைகிறது என்றால் அறுவையின்போது வைத்த டிரெய்னே சிகிச்சை. அதை எடுக்காமல் விட்டுவைப்பதுதான் செய்ய வேண்டிய வேலை. பித்தம் வந்துகொண்டிருக்கும் டிரெய்னை வழக்கமான நாள் வந்துவிட்டது என்று பிடுங்கிவிடுவதுதான் பல பி நிலைக் கசிவுகளின் தொடக்கம்.

எல்லா முடிவுக்கும் அடிப்படையான ஒரு கேள்வி

கசியும் நாளம் (பித்தம் ஓடும் குழாய்), பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் பொதுப் பித்தநாளத்தோடு இன்னும் தொடர்பில் இருக்கிறதா? இதற்குப் பதில் தெரியாமல் எண்டோஸ்கோப்பிக்கு அனுப்பினால் பாதி நேரம் வீண்.

வெட்டுப் பரப்பிலுள்ள சின்ன நாளம் ஒன்றின் கட்டு அவிழ்ந்தோ, சுட்ட இடம் உதிர்ந்தோ கசிவது முதல் வகை. இடது அல்லது வலது நாளத்தைக் கட்டிய முனை விட்டுப்போவது இரண்டாவது. இந்த இரண்டிலும் கசியும் துளைக்கும் குடலுக்கும் இடையே வழி திறந்திருக்கிறது. மூன்றாவது வகையில், மிச்சமிருக்கும் கல்லீரலின் ஒரு துண்டிலிருந்து வரும் நாளம் மொத்தமாக அறுந்து, பொது நாளத்தோடு ஒட்டுறவே இல்லாமல் வயிற்றுக்குள் திறந்து கிடக்கும்.

மூன்றாவது வகைக்கு நல்ல உதாரணம் இடது கல்லீரலை அகற்றும் அறுவை. பத்தில் ஒருவருக்கு மேல் வலது பின்பகுதி நாளம் வலது நாளத்தில் சேராமல், நடுக்கோட்டைத் தாண்டிப் போய் இடது நாளத்தில் சேர்கிறது. அறுவைக்கு முந்தைய எம்.ஆர்.சி.பி. (பித்தநாளங்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ.) படத்தில் இதைக் கவனிக்காமல் இடது நாளத்தை அது சேரும் இடத்துக்கு வலப்புறமாக வெட்டினால், ஆறாம் ஏழாம் பிரிவுகளின் பித்தம் முழுவதும் வெளியே வரும். பிறகு ஈ.ஆர்.சி.பி. (வாய் வழியே எண்டோஸ்கோப்பைச் செலுத்தி, பித்தநாளத்தைப் படம் எடுத்துச் சரிசெய்யும் முறை) செய்தால் படம் கச்சிதமாக, கசிவே இல்லாததுபோல் தெரியும். டிரெய்னிலோ நாளுக்கு 200 மி.லி. வந்துகொண்டே இருக்கும். ஈ.ஆர்.சி.பி. படம் சுத்தம், டிரெய்ன் நிற்கவில்லை என்றால் முதலில் நினைவுக்கு வர வேண்டியது துண்டித்த நாளம். பழைய எம்.ஆர்.சி.பி. படத்தைத் தேடி எடுத்து மறுபடி பாருங்கள்.

படி 1: தேங்கிய பித்தத்தை வெளியேற்றுவது

காய்ச்சல், விடாத விக்கல், வலது தோள்பட்டை வலி, நாடி 100க்கு மேல், வெள்ளணு உயர்வு ஆகியவை இருந்து டிரெய்ன் வறண்டு கிடந்தால், பித்தம் வேறெங்கோ தேங்குகிறது என்று பொருள். கான்ட்ராஸ்ட் (படத்தில் பளிச்சென்று தெரியும் மருந்து) கொடுத்து சி.டி. எடுங்கள். வெட்டுப் பரப்பை ஒட்டியோ உதரவிதானத்துக்கு அடியிலோ குளம்போல் தெரியும். நாளத்தைப் பற்றிய யோசனைகளுக்கு முன்னால் இதை வடிக்க வேண்டும். கிருமி தொற்றிய பித்தம் உள்ளே இருக்கும்வரை எந்தத் துளையும் ஆறாது.

பிளேட்லெட் 50,000க்கு மேலும் ஐ.என்.ஆர். (ரத்தம் உறையத் தாமதமாவதைக் காட்டும் அளவு) 1.5க்குக் கீழும் இருப்பது நல்லது. ஐ.என்.ஆர். ஏறியிருந்தால் வைட்டமின் கே 10 மி.கி. போட்டுவிடுங்கள், பித்தம் குடலுக்குப் போகாதவர்களுக்கு உடலில் அந்த வைட்டமின் வேகமாகக் குறையும். அல்ட்ராசவுண்ட் அல்லது சி.டி. பார்த்தபடி, தோலை மரக்கச் செய்து, 18 கேஜ் ஊசியைத் தேக்கத்துக்குள் செலுத்துங்கள். உள்ளே போனதும் 10 மி.லி. உறிஞ்சி, பிலிரூபினுக்கும் கல்ச்சருக்கும் (கிருமி வளர்ப்புச் சோதனை) தனித்தனியாக அனுப்புங்கள். ஊசி வழியே 0.035 அங்குல கைடு வயர், அதன்மேல் டைலேட்டர்கள், கடைசியில் பிக்டெயில் கேத்தீட்டர் (முனை சுருண்ட வடிகுழாய்) என்ற வரிசையில் போக வேண்டும். தெளிந்த பித்தத்துக்கு 8 முதல் 10 பிரெஞ்ச் போதும். ரத்தக்கட்டியோ சீழோ கலந்திருந்தால் 12 முதல் 14 பிரெஞ்ச் வேண்டும். மூன்று பிரெஞ்ச் ஒரு மி.மீ., ஆக 12 பிரெஞ்ச் குழாயின் வெளிவிட்டம் 4 மி.மீ.தான்.

பாதையைத் தேர்வதில் கவனம் வேண்டும். முடிந்தவரை விலா எலும்புக்குக் கீழிருந்து மேல்நோக்கிப் போங்கள். விலா இடுக்கு வழியாக, அதிலும் உயரமாகப் போனால் குழாய் நுரையீரல் உறையைத் துளைத்துச் செல்லும். பித்தம் மார்புக்குள் கசிந்து, ஒரு சிக்கல் இரண்டாகிவிடும். இடுக்கு வழிதான் என்றால் விலாவின் மேல் விளிம்பை ஒட்டிக் குத்துங்கள், ரத்தக்குழாயும் நரம்பும் கீழ் விளிம்பில் ஓடுகின்றன.

முதல் நாளே கான்ட்ராஸ்டை அழுத்திச் செலுத்திப் படம் பார்க்க வேண்டாம். தொற்றுள்ள குழியில் அழுத்தம் ஏறினால் கிருமி ரத்தத்துக்குள் போய், ஒரு மணி நேரத்தில் நோயாளி நடுங்கத் தொடங்குவார். ஆன்டிபயாட்டிக்கை உடனே தொடங்கி, கல்ச்சர் வந்ததும் அதற்கேற்ப மாற்றுங்கள். நம் ஊர் மருத்துவமனைகளில் மருந்துக்கு அடங்காத கிளெப்சியெல்லா என்ற கிருமி அடிக்கடி வருவதால் கல்ச்சர் அனுப்பாமல் ஊகத்தில் ஓட்டுவது ஆபத்து.

குழாயை 8 மணி நேரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 மி.லி. சலைனால் மெதுவாகக் கழுவுங்கள். உறிஞ்சும் பாட்டில் மாட்டாமல், இடுப்புக்குக் கீழே தொங்கும் சாதாரணப் பையே போதும். தொடர்ந்து உறிஞ்சினால் பித்தம் குழாயை நோக்கியே ஓடிக்கொண்டிருக்கும், துளை மூடாது.

படி 2: கசிவின் வரைபடம்

காய்ச்சல் அடங்கி ஐந்தாறு நாளான பிறகு, டிரெய்ன் வழியே நீர்த்த கான்ட்ராஸ்ட் செலுத்தி எக்ஸ்ரே திரையில் பாருங்கள். செலவு குறைவு, கிடைக்கும் தகவலோ அதிகம். சிரிஞ்சைக் கையால் மட்டும், 10 முதல் 20 மி.லி. வரை, மிக மெதுவாக. முதலில் குழி ஒழுங்கற்ற வெள்ளைத் திட்டாக நிறையும். பிறகு அதன் ஓரத்திலிருந்து மெல்லிய கோடு ஒன்று கிளம்பும். அந்தக் கோடு எங்கே போகிறது என்பதுதான் விடை. கீழ்நோக்கி இறங்கி, தடித்து, டியோடினத்துக்குள் (சிறுகுடலின் தொடக்கப் பகுதி) சிதறினால் நாளம் தொடர்பில் இருக்கிறது. மேல்நோக்கிக் கிளைவிட்டு ஒரு சிறு மரமாக நின்றுவிட்டால், பொது நாளம் நிறையவே இல்லை என்றால், அது துண்டித்த நாளம். குழி மட்டும் நிறைந்து வேறெதுவும் தெரியாவிட்டால் துளை மிகச் சிறியது, அல்லது ஏற்கெனவே மூடிக்கொண்டிருக்கிறது. நோயாளிக்கு வலித்தால் நிறுத்திவிடுங்கள்.

எம்.ஆர்.ஐ. வசதி இருந்தால் காடோக்ஸிடேட் என்ற கான்ட்ராஸ்ட் மிக உதவும். அதில் ஏறக்குறைய பாதி கல்லீரல் செல்கள் வழியே பித்தத்தில் கலப்பதால், ஊசி போட்ட 20 நிமிடத்திலிருந்து கசியும் இடமே ஒளிரும். பிலிரூபின் மிகவும் ஏறியிருப்பவர்களுக்கு மட்டும் படம் மங்கும். சாதாரண எம்.ஆர்.சி.பி. நீர் எங்கே இருக்கிறது என்று காட்டும், அது பித்தமா என்று சொல்லாது.

படி 3: நாளம் தொடர்பில் இருந்தால் ஈ.ஆர்.சி.பி.

பித்தநாளம் டியோடினத்தில் திறக்கும் இடத்தில் ஒரு சுருக்குத் தசை இருக்கிறது. அது எப்போதும் ஓரளவு இறுகியிருப்பதால் நாளத்துக்குள் அழுத்தம் தங்கும், பித்தம் எளிய வழியான துளையைத் தேடும். மேல்நிலைத் தொட்டிக் குழாயில் ஓட்டை இருக்கும்போது கீழே குழாயை முழுசாகத் திறந்துவிட்டால் ஓட்டையில் ஒழுகுவது குறையும் அல்லவா, ஈ.ஆர்.சி.பி. செய்வதும் அதைத்தான். தசையைச் சிறிது வெட்டியோ, அதைத் தாண்டி ஒரு ஸ்டென்ட் (நாளத்தைத் திறந்துவைக்கும் சிறு குழாய்) வைத்தோ அழுத்தத்தை இறக்கிவிட்டால் பித்தம் குடலுக்குள் ஓடும், துளை தானாக ஆறும்.

தொடங்குமுன் நோயாளி திட உணவு இல்லாமல் 6 மணி நேரமாவது இருக்க வேண்டும். ஒவ்வாமையோ சிறுநீரகக் கோளாறோ இல்லாதவர்களுக்கு 100 மி.கி. டைக்ளோஃபினாக் அல்லது இண்டோமெதசின் மலக்குடல் மாத்திரை கட்டாயம் வையுங்கள். ஈ.ஆர்.சி.பி.க்குப் பின் வரும் கணைய அழற்சியைக் குறைக்க இதைவிட எளிய வழி இல்லை.

படம் எடுக்கும்போது நாளத்தில் பலூனை ஊதி, கீழே ஓடிவிடாதபடி அடைத்து, அதன் மேலே கான்ட்ராஸ்ட் செலுத்துங்கள். வெட்டுப் பரப்பிலுள்ள கசிவு ஓரத்தில், மெல்லிய கிளையில் இருக்கிறது. பலூன் இல்லாமல் செலுத்தினால் அதுவரை கான்ட்ராஸ்ட் எட்டாது, கசிவு இல்லை என்று தவறாக எழுதிவிடுவோம். கல், ரத்தக்கட்டி, நாளச் சுருக்கம் ஏதாவது கீழே இருந்தால் அதையும் அப்போதே சரிசெய்ய வேண்டும். கீழே அடைப்பு இருக்கும்வரை மேலே ஆறாது.

பிளாஸ்டிக் ஸ்டென்ட் 7 முதல் 10 பிரெஞ்ச். கசியும் இடத்தைத் தாண்டி நிற்கும் நீளத்தில் வைக்க முடிந்தால் பலன் அதிகம். கிளை எட்டாத தொலைவில் இருந்தால் சுருக்குத் தசையைத் தாண்டும் குட்டை ஸ்டென்ட்டும் வேலை செய்யும், கொஞ்சம் நாளாகும், அவ்வளவே. முழுதும் உறையிட்ட உலோக ஸ்டென்ட் பொது நாளத்தின் பெரிய ஓட்டைக்கு நல்லது. கல்லீரல் வாயிலில் வைத்தால் எதிர்ப்பக்க நாளத்தின் வாயை அடைத்துவிடும் என்பதால் அங்கே வேண்டாம்.

மூக்கு வழியே வெளிவரும் பித்தக் குழாய் இன்னொரு வழி. தினமும் எவ்வளவு வருகிறது என்று கண்ணால் பார்க்கலாம், மறு எண்டோஸ்கோப்பி இல்லாமலே படம் எடுக்கலாம், வேலை முடிந்ததும் உருவிவிடலாம். ஆனால் தொண்டை உறுத்தும், தூக்கத்தில் நோயாளி இழுத்துவிடுவார், பித்தமும் வெளியே வீணாகும். சில நாள் மட்டும் என்றால் இது, வாரக்கணக்கில் என்றால் ஸ்டென்ட்.

ஸ்டென்ட் வைத்த அன்றே வயிற்று டிரெய்னை எடுக்கக் கூடாது. அளவு இறங்குவதைப் பாருங்கள். ஒரு வாரமாகியும் இறங்கவில்லை என்றால் டிரெய்ன் முனை எங்கே இருக்கிறது என்று படத்தில் பாருங்கள். துளையின் வாயிலேயே உட்கார்ந்திருந்தால் பித்தம் ஸ்டென்ட்டை விட்டு அதன் வழியே வரும். குழாயை 2 முதல் 3 செ.மீ. வெளியே இழுத்துத் தைத்தாலே பல நேரம் நின்றுவிடும்.

படி 4: எண்டோஸ்கோப்பி எட்டாத இடத்தில்

நாளத்தைக் குடலோடு இணைத்துத் தைத்தவர்களுக்கும், ஈ.ஆர்.சி.பி.யில் கம்பி கசிவைத் தாண்டாதவர்களுக்கும் தோல் வழியே நாளத்துக்குள் குழாய் வைக்க வேண்டும். இங்குள்ள உண்மையான கஷ்டம், கசியும் கல்லீரலில் நாளங்கள் வீங்கியிருக்காது. அடைப்புக் காமாலையில் விரல் தடிமனில் தெரியும் நாளம் இங்கே 2 மி.மீ. கூட இராது. மேலும் அறுவைக்குப் பின் மிச்சக் கல்லீரல் வளர்ந்து, திரும்பி, இடம் மாறியிருக்கும், பழைய படத்தை நம்பி ஊசி போட்டால் தவறும். அன்றைய சி.டி.யைப் பார்த்துத்தான் பாதையைக் குறிக்க வேண்டும்.

டிரெய்ன் வழியாகவோ மூக்குக் குழாய் வழியாகவோ கான்ட்ராஸ்ட் செலுத்தி நாளங்களை நிறைத்து, திரையில் தெரியும் கிளையை 21 அல்லது 22 கேஜ் மெல்லிய ஊசியால் குறிவைப்பது நல்ல உத்தி. 0.018 கம்பி உள்ளே போனதும் அறிமுகக் குழாய்க்கு மாற்றி, 0.035 வழுக்குக் கம்பியால் கசிவைத் தாண்டிக் குடலுக்கு இறங்குங்கள். அதன்மேல் 8 முதல் 10 பிரெஞ்ச் உள்-வெளிக் குழாய் (ஒரு முனை குடலில், மறுமுனை உடலுக்கு வெளியே). அதன் பக்கத் துளைகள் கசிவுக்கு மேலும் கீழும் நாளத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். ஒரு துளை கல்லீரல் சதைக்குள்ளோ தோலடியிலோ நின்றால் ரத்தம் வரும், அல்லது குழாயைச் சுற்றிப் பித்தம் வழியும். கம்பி குடலுக்கு இறங்கி, குழாய் மட்டும் சரியாகப் போகவில்லை என்றால், அந்தக் கம்பியைக் கீழிருந்து எண்டோஸ்கோப்பியால் பிடித்து இழுத்து ஸ்டென்ட் வைக்கலாம். இரண்டு குழுவும் ஒரே அறையில் இருந்தால் ஒரே நாளில் முடியும் வேலை.

குழாய் ஆறிலிருந்து எட்டு வாரம். எடுப்பதற்கு முன் வெளிமுனையை 24 முதல் 48 மணி நேரம் மூடிவையுங்கள். வலி, காய்ச்சல், சுற்றிக் கசிதல் எதுவும் இல்லை, படத்திலும் கசிவு இல்லை என்றால் எடுக்கலாம்.

படி 5: துண்டித்த நாளம்

ஸ்டென்ட் இங்கே எதுவும் செய்யாது. அந்தத் துண்டு எவ்வளவு பெரியது, மிச்சக் கல்லீரல் போதுமானதா என்பதை முதலில் கணக்கிடுங்கள். துண்டு சின்னது, மற்றது போதும் என்றால் அதன் பித்த உற்பத்தியையே நிறுத்திவிடலாம். நாளத்துக்குள் கேத்தீட்டர் வைத்து, கான்ட்ராஸ்டால் அதன் கொள்ளளவை அளந்து, அதே அளவு, பெரும்பாலும் சில மி.லி. மட்டுமே, தூய ஆல்கஹால் செலுத்திச் சிறிது நேரம் நிறுத்தி உறிஞ்சி எடுப்பது ஒரு முறை. பல தடவை செய்ய நேரும். வலி கடுமையாக இருக்கும், மரப்பு மருந்து இல்லாமல் தொடங்காதீர்கள். பொது நாளத்தோடு துளியும் தொடர்பில்லை என்று இரண்டு முறை படத்தில் உறுதிசெய்த பிறகே ஆல்கஹாலைத் தொடுங்கள். தொடர்பிருந்து அது பொது நாளத்துக்குப் போனால் நிரந்தரச் சுருக்கம் வரும்.

என்.பி.சி.ஏ. பசை இன்னொன்று. லிப்பியோடால் என்ற கான்ட்ராஸ்ட் எண்ணெயில் கலந்து செலுத்தப்படும் இந்தப் பசை உப்பு நீர் பட்ட நொடியில் இறுகிவிடும். அதனால் கேத்தீட்டரைச் சலைனால் கழுவாமல் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸால் கழுவ வேண்டும், சிரிஞ்சும் கிண்ணமும் தனியாக. அந்தத் துண்டுக்குப் போகும் போர்ட்டல் சிரையை (குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் சிரை) அடைப்பதும் உண்டு, ரத்தம் குறைந்தால் துண்டு சுருங்கும், பித்தமும் குறையும். துண்டு பெரியது, அதை இழக்க முடியாது என்றால் இவற்றில் எதுவும் வேண்டாம். டிரெய்னோடு சில மாதம் பொறுத்து, வீக்கமும் தொற்றும் வடிந்த பின் அந்த நாளத்தைக் குடலோடு இணைக்கும் அறுவைதான் சரி.

வார்டில் தவறவிடக் கூடாதவை

கல்லீரல் நாளொன்றுக்கு 600 முதல் 1000 மி.லி. பித்தம் சுரக்கிறது. 500 மி.லி.க்கு மேல் வெளியேறினால் சோடியமும் பைகார்பனேட்டும் அதோடு போகும், சிறுநீரகம் முதலில் அடிபடும். போன அளவை ரிங்கர் லேக்டேட்டால் ஈடுசெய்து, கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம் பாருங்கள். உணவில் ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். முட்டை வெள்ளை, பருப்பு, மோர், மீன் எல்லாம் சேர்க்கலாம்.

டிரெய்னில் திடீரென்று பளிச்சென்ற சிவப்பு ரத்தம் வந்து தானாக நின்றுவிட்டால், நின்றுவிட்டதே என்று விடாதீர்கள். பித்தமும் தொற்றும் அரித்த தமனியில் வீக்கம் உண்டாகியிருக்கலாம், அடுத்த கசிவு வெள்ளமாக வரும். அன்றே சி.டி. ஆஞ்சியோ எடுத்து, தேவைப்பட்டால் சுருள் கம்பி (காயில்) வைத்து அடைக்க வேண்டும்.

வயிறு முழுக்கப் பலகைபோல் இறுகினாலோ, ரத்த அழுத்தம் தாங்காவிட்டாலோ, குடலில் ஓட்டை இருந்தாலோ இந்தப் படிகளில் நேரம் கடத்தாமல் அறுவைக்குப் போங்கள்.

வீட்டில் குழாயோடு

பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்கட்டும், படுக்கும்போதும்கூட. தினமும் காலையில் ஒரே நேரத்தில் அளவையும் நிறத்தையும் நோட்டில் எழுதுங்கள். சொல்லிக்கொடுத்தபடி 5 மி.லி. மருந்துக்கடைச் சலைனால் மெதுவாகக் கழுவுங்கள், அடைத்தால் அழுத்தாமல் நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள். குழாயைத் தோலில் இரண்டு இடத்தில் ஒட்டுங்கள், சட்டை பட்டனோ கட்டில் கம்பியோ பிடித்து இழுத்தால் முதல் ஒட்டு அதைத் தாங்கும்.

100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், ரத்தம், அளவு திடீரென்று பூஜ்யமாகி வயிறு வலித்தல், கண் மஞ்சளாதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே வாருங்கள். குழாய் கழன்று வந்துவிட்டால் திரும்ப உள்ளே தள்ளாதீர்கள். சுத்தமான துணியால் மூடி, கழன்ற குழாயையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு உடனே புறப்படுங்கள். குழாய் போன பாதை வேகமாக மூடிவிடும். சீக்கிரம் வந்தால் அதே பாதையில் புதிய குழாய் வைக்கலாம்.

ஸ்டென்ட் வைத்திருந்தால் டிஸ்சார்ஜ் தாளில் அதை எடுக்க வேண்டிய தேதி எழுதியிருக்கிறதா என்று வீட்டுக்குக் கிளம்புமுன் பாருங்கள், இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். வழக்கமாக நான்கிலிருந்து எட்டு வாரத்தில் எடுப்பார்கள். பிளாஸ்டிக் ஸ்டென்ட் மூன்று மாதத்தைத் தாண்டினால் அடைத்துக்கொண்டு, காய்ச்சலும் காமாலையும் வரும். உடம்பு நன்றாகத் தேறிவிட்டதால் உள்ளே ஸ்டென்ட் இருப்பதையே மறந்துவிடுபவர்களுக்குத்தான் இது நேர்கிறது, ஆகவே தேதியை வீட்டில் இன்னொருவரும் குறித்துவைத்துக்கொள்ளட்டும்.